ஒன்பது பூஜ்யங்கள்

எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது அதை என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் சொல்வதில்லை. நான் தெருவில் இறங்கினால் "ஒம்போது கேள்வி வருது" என்கிறார்கள். சின்னவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து "ஒம்போது கேள்வி அக்கா" என்கிறார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் வட்டாரத்தில் பதினொரு ஊர்கள். பதினொன்றுக்கும் சேர்த்து மனநல மருத்துவர் ஒருவர்கூடக் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். இங்கேயே ஒரு மருத்துவரையும் ஆலோசகரையும் உட்கார வைக்கலாம், ஆனால் எத்தனை பேருக்குத் தேவை, வாரத்துக்கு எத்தனை நாள் தேவை என்று தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்களாம். அதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய், பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை, எத்தனை நாள் தன்னை எதற்கும் உதவாதவர் என்று நினைத்தீர்கள் என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்பது. ஒரு நாளும் இல்லை என்றால் பூஜ்யம். கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. கடைசியில் உதவிக்கான தொலைபேசி எண் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள். முதல் வாரம் எங்களைக் கண்டாலே, பைத்தியக் கணக்கு எடுக்க வந்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். ரொட்டிக் கடைக்காரர் தனக்கு ஒன்றுமில்லை, தன் மைத்துனனைத்தான் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு தெரு தள்ளி இருந்த மைத்துனனிடம் போனால், எனக்கு என்ன குறை, அந்த ரொட்டிக்காரரைப் போய்க் கேளுங்கள் என்றார். இரண்டு பேருமே இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது மூன்றாம் முறை போனபோதுதான் தெரிந்தது.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆணிக் கடைக்காரர். நான் அவர் மனைவியிடம் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவர் குறுக்கே விழுந்து, "அவளுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கா. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கோங்க" என்றார்.

"அவங்க மனசுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

மனைவி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அவரைக் கடைக்குள் அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டு எழுதினேன். இந்தக் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கணக்கெடுப்பைக் கவனிக்கும் எங்கள் மேடம் கூட்டத்தில் இதை உதாரணமாகச் சொன்னபோது, அதைக் காதில் வாங்காததுபோல் பேனாவை உதறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு. கேள்வியைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். அப்போதும் பதில் வரவில்லையென்றால் கேள்வியைத் திரும்பப் படிக்கலாமே தவிர, நாமாகப் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பத்து எண்ணுவது என்ன பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள். மூன்றாவதிலேயே எனக்கு நாக்கு அரிக்கும். "இல்லைதானே?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். இப்படி ஒரு நாளைக்குப் பதினான்கு படிவம் முடிப்பேன்.

இந்த ஊருக்கு நானும் இன்னொருத்தியும்தான். அவள் முன்பு நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவள். நாலு படிவம் முடிப்பதற்குள் அவளுக்குப் பொழுது சாய்ந்துவிடும். நத்தை என்று நான்தான் பேர் வைத்தேன். அவளுக்கும் அது தெரியும், அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அவள் பத்தும் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். எண்ணட்டும், ஊர் முடிய வேண்டாமா என்று நினைத்துக்கொள்வேன்.

அவரவர் வீட்டை அவரவர் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. எங்கள் தெரு என் பட்டியலில் வந்தது. என் வீட்டை மட்டும் நத்தைக்கு ஒதுக்கிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஏற்கெனவே நாற்பது வீடு பின்தங்கிக் கிடந்தாள். அவள் தலையில் இன்னொன்றை ஏன் கட்ட வேண்டும் என்று, ஒரு நாள் மாலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் சமையலறை மேசையிலேயே இரண்டு படிவத்தையும் எழுதி முடித்துவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு.

அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. முக்காலியின் மேல் நீட்டியிருந்த அவருடைய கால்கள் எனக்குத் தெரிந்தன. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. அவருக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று ஒன்பது பூஜ்யம் போட்டேன். ஆணிக் கடைக்காரர் ராணி என்றார், நான் கல்லுக்குண்டு என்றேன். வேறு வித்தியாசம் இல்லை.

அவர் பத்தொன்பது வருடமாக ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் பயணிகளின் கதைதான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறி, இன்றைக்கு எத்தனை படி ஏறினேன் தெரியுமா என்று தினமும் கணக்குச் சொல்லும் அம்மா. முன் சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வந்து வேறு வேறு நிறுத்தத்தில் இறங்கி, மறுநாள் மறுபடியும் ஒன்றாக ஏறும் புருஷன் பெண்டாட்டி. ஊர் விஷயம் எனக்குப் பாதி அவர் மூலமாகத்தான் தெரியும். இரண்டு மாதமாக அந்தக் கதைகள் குறைந்துபோயின. நான் சொல்லிக்கொண்டே போவேன், அவர் "அப்புறம்?" என்பார். எனக்கும் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து யார், எந்த வீடு என்று சொல்லாமல் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. இத்தனை வருடம் கழித்து மனுஷனுக்குப் பெண்டாட்டி பேச்சைக் கேட்கும் பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்றும் உண்டு. சில நாட்களாக அவருடைய கால்சட்டையின் அடிப்பக்கம் ஈரமாக வந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கே போய்க் காலை நனைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். டிப்போவில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது என்றார். டிப்போ மேலாளரையும் சேர்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத் துவைக்கப் போட்டேன்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு பத்தாவது படிவத்தையும் சரிபார்ப்பார்கள். மேடம் முகவரியை மட்டும் எழுதி உறையில் போட்டு இன்னொருவரிடம் கொடுப்பார். அவர் போய்ப் புதிதாக அதே ஒன்பதைக் கேட்டு வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேடம் மட்டும்தான். என் வீட்டுக்காரரின் படிவம் இருநூற்று அறுபதாவது. எழுதியபோது நான் எண்ணைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம் கூப்பிட்டார். அவர் முப்பது வருடம் செவிலியராக இருந்தவர். சுகாதார அலுவலகத்தின் மாடியில் தடுப்பூசி வைக்கும் அறையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மூலையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் என் கையெழுத்தில் ஒரு படிவம், அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்த இன்னொன்று.

இது யார் வீடு என்று கேட்டார். என் வீடு என்றேன். கேட்டுத்தான் எழுதினீர்களா என்றார். எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். கேட்க வேண்டிய அவசியம் இல்லை, பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கு அது நன்றாக இல்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து, என் படிவத்தின் மேல் 'செல்லாது' என்று குத்தினார்.

"இதுலயும் ஒன்பது பதில் இருக்கு," என்று கவிழ்த்து வைத்ததைக் காட்டினார். "ரெண்டும் ஒத்துப் போகல."

என் கை தானாக அந்தக் காகிதத்தை நோக்கிப் போனது. அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். படிவத்தின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறது: நீங்கள் சொல்வது உங்கள் வீட்டாருக்கும் தெரிவிக்கப்படாது. இதை இருநூற்றுச் சொச்சம் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டியவள் நான். அந்த வீட்டார் என்ற சொல்லில் நானும் அடக்கம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் என்னிடம் சொல்ல என் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியிருப்பதாக மேடம் சொன்னார். நான் எழுந்தபோது இதையும் சொன்னார்.

"நீங்க கேட்காம ஒரு பூஜ்யம் போட்டா, இங்க வரப்போற டாக்டருக்கு எதிர்ல ஒரு நாற்காலி குறையுது. இன்னிக்கு வேலை பார்க்க வேண்டாம், போங்க."

நத்தை படிக்கட்டில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். என் புருஷன், என் வீடு, என்னிடம் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று அவள் தோளைப் பிடித்துக் கேட்டேன். சொல்ல முடியாது அக்கா என்றாள். ஒன்பதாவதா, அது ஒன்றையாவது சொல் என்றேன்.

"ஒன்பதாவதுல ஏதாவது இருந்தா நாம என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்," என்றாள்.

தெரியும். அவரைத் தனியாக விடக் கூடாது. அந்த வீட்டைவிட்டு நகரக் கூடாது. அந்த மணி நேரமே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அவர் பகலில் வீட்டில் இருப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அன்று சாயங்காலம் இவள் வழக்கம்போல் அலுவலகம் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதை நானே பார்த்தேன். எனக்கு மூச்சு வந்தது. அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம் அவரோடு இருந்ததாகச் சொன்னாள். அதில் முக்கால்வாசி நேரம் அவர் பேசவே இல்லையாம். இரண்டு தடவை எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தாராம். எத்தனை பத்து எண்ணினாய் என்று கேட்டேன். கணக்கு விட்டுப் போய்விட்டது என்றாள்.

"கிளம்பும்போது, அக்காகிட்ட நீங்களே சொல்லலாமேன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதிலை மட்டும் உங்ககிட்ட சொல்லச் சம்மதிச்சிருக்கார்," என்றாள். "அவ கேட்டா சொல்றேன்னார்."

எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ஏழாம் நம்பர் பஸ் எங்கள் அலுவலக நிறுத்தத்துக்குப் பதினொன்றேகாலுக்கு வரும். அதில் ஏறி, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே வைத்துக் கேட்பது என்று முடிவு செய்தேன். கேட்பதைவிடத் திட்டுவதற்குத்தான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் வேறு ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்தவர்தான், வீட்டுக்கு வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"அண்ணன் இப்ப வண்டி எடுக்கறதில்லையே அண்ணி. பத்து நாளா பஸ் கழுவற எடத்துலதான் இருக்கார்," என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

பின்னால் நின்றவர்கள் தள்ளியதில் நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த ஈரக் கால்சட்டை ஞாபகம் வந்தது. பத்து நாள் அதைத் துவைத்திருக்கிறேன். பத்து நாளாகக் காலையில் சீருடை போட்டு, தொப்பி வைத்து, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். என் புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியவில்லை.

டிப்போ நிறுத்தத்தில் இறங்கினேன். டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தைத் தாண்டினால் கழுவும் தளம். மூன்று பஸ்கள் நின்றன. நீளக் கழி மாட்டிய தூரிகையால் நடு பஸ்ஸின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார், ஒரு காலில் மடிப்பு அவிழ்ந்து தண்ணீரில் தொங்கியது. எந்த வேலையையும் அவர் அரைகுறையாகச் செய்தது கிடையாது. பக்கவாட்டை முடித்துவிட்டு, குனிந்து, நம்பர் பலகையைத் தனியாக ஒரு துணியால் துடைத்தார். நான் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். அதிர்ச்சி அடையவில்லை. போய்க் குழாயை மூடினார்.

"வந்துட்டியா," என்றார். நான்தான் தாமதமாக வந்ததுபோல.

கழுவி முடித்த பஸ்ஸுக்குள் ஏறச் சொன்னார். தரை ஈரமாக இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. நான் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்க இருக்கையில் அவர் உட்கார்ந்தார். மடியில் இருந்த படிவப் பையை எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். கடந்த இரண்டு வாரத்தில் என்று ஆரம்பித்தேன். அந்தக் குரல் வீடு வீடாகப் போகும் குரல். நிறுத்திவிட்டேன்.

"உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் நாக்கு அரித்தது. வேலை அதிகமா, முதுகு வலியா, மேலாளர் ஏதாவது சொன்னாரா என்று வரிசையாகப் பதில்கள் வாசல் வரை வந்து நின்றன. விழுங்கினேன். ஏழில் வெளியே யாரோ வாளியைக் கீழே போட்டார்கள். பத்து வந்தது. விதிப்படி கேள்வியைத் திரும்பப் படிக்கலாம். படிக்கவில்லை. பதினைந்து, பதினாறு. ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றில் அவர் பேசினார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாமல் போய்விட்டாராம். உள்ளே எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். கத்தியது காதில் விழுந்ததாம், ஆனால் தன்னைச் சொல்கிறார்கள் என்று தோன்றவில்லையாம். மூன்று நிறுத்தம் தாண்டி நின்றபோது, அதுவரை எப்படி ஓட்டி வந்தோம் என்று ஞாபகமே இல்லை. உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். மறுநாளே மேலாளரிடம் போய், முதுகு வலி, கொஞ்ச நாள் கழுவும் இடத்தில் போடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு காகிதம் மென்றது போல் இருக்கிறது, குளிக்கப் போனால் எதற்குக் குளிக்கிறோம் என்று நின்றுவிடுகிறேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காரணம்னு ஒண்ணு இருந்தா சொல்லியிருப்பேன். காரணமே இல்லாம எப்படிச் சொல்றது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாள் சொல்லத்தான் வந்தேன். நீ யாரோ மாமன் மச்சான் ரெண்டு பேர் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தே. நல்லா இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

அது ரொட்டிக் கடைக்காரர் கதை. நான் அதை அவருக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

வெளியே ஒரு பஸ் பின்னால் நகர்ந்து வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கியது. பிறகு அவர் கேட்டார்.

"நீ என்ன போட்டிருந்தே, எனக்கு?"

"எல்லாத்துக்கும் பூஜ்யம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"அவ்வளவு நல்லாவா இருந்தேன்?" என்றார்.

நான்தான் அழுதேன். அந்தச் சோப்பு வாசனையில், காலடியில் தண்ணீர் ஓட, கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி அழுதேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நத்தை கொடுத்த தொலைபேசி எண் சீட்டை ஓட்டுநர் உரிமத்தின் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாராம். நான் கூட வந்தால் போகிறேன் என்றார். அங்கேயே உட்கார்ந்து, என் தொலைபேசியில் அவரே எண்ணைப் போட்டார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை ஏதாவது தாங்க முடியாமல் போனால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள். அதை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

அன்று பிற்பகலே மேடத்திடம் போனேன். மீதி எல்லாப் படிவத்திலும் 'செல்லாது' குத்திவிடுங்கள், நான் ஒன்றில்கூடப் பத்து எண்ணவில்லை என்றேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்தா என்று கேட்டார். முதலிலிருந்துதான் என்றேன். என் படிவத்தை மட்டும் நத்தையிடம் கொடுக்கச் சொன்னேன். அதையும் நானேதானே எழுதினேன், என்னை யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை ஆணிக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். ஒம்போது கேள்விக்கு மறதி வந்துவிட்டது என்று கடைக்காரர் கேலி செய்தார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் மனைவியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் தடவை புருஷன் வாயிலிருந்து அவரைக் காப்பாற்றியதாகப் பெருமைப்பட்டேனே, அந்தப் படிவத்திலும் ஏழு இடத்தில் 'இல்லைதானே' என்று நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். இந்தத் தடவை மூன்றாவது கேள்வியில் அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேசினார். என்ன சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் முடித்தது மூன்று படிவம். நத்தை நாலு முடித்திருந்தாள். சாயங்காலம் என்னைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் கிளம்பினோம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஓட்டுகிறவன் கிளட்ச்சைத் தேய்க்கிறான் என்று என் காதில் முணுமுணுத்தார். இதைச் சொல்லும் அளவுக்காவது இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். நான் வெளியே இருக்கட்டுமா என்று கேட்டேன். உள்ளேயே இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். டாக்டர் சில விஷயங்களை எழுதிக்கொண்டு, எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கூட வருகிற பெண்டாட்டிகள்தான் பதில் சொல்வார்கள் போலிருக்கிறது. என்னிடமும் பதில் தயாராக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக் கதைகள் எப்போது நின்றன என்று நாளைக்கூட எண்ணி வைத்திருந்தேன். இரண்டு மாதம். சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. டாக்டரும் பேசாமல் இருந்தார். எட்டில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றார்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.